குமிழின் வால்

கடைசிக் கட்டத்தில் வில்லன் இல்லை.

இனேஸ் பேனாவைக் கையில் பிடித்தபடி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாறை இருந்தது. பாறையின் மேல் கால்களை அகட்டி, மார்பில் பதக்கங்கள் மின்ன, கப்டன் அண்டீஸ் நின்றான். அவன் உதைத்துத் தள்ளிய ஆள் விழவேண்டிய இடம் மட்டும் வெறும் தாளாகக் கிடந்தது. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் நைந்து நார் எழும்பியிருந்தது.

சித்திரக்கதையில் வசனங்களைக் குமிழுக்குள் எழுதுவது அவளுடைய வேலை. குமிழின் வால் யாருடைய வாயை நோக்கி நீள்கிறதோ அவன்தான் பேசுகிறான் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இங்கே எழுதவேண்டியது ஒரு சாவுக்கூச்சல். அதற்கு வாய் இல்லை.

அடுத்த மேசையில், படங்களை வரைகிற சிறிதரன் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய தூரிகையையே திரும்பவும் கழுவினான்.

சிட்னியில், சர்ரி ஹில்ஸில், ஒரு தையல் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சிறிய பதிப்பகம். அமெரிக்கப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஒரு தென்னமெரிக்க நாயகன் வேண்டும் என்று எடிட்டர் டாய்ல்தான் கப்டன் அண்டீஸை உண்டாக்கினார். நாயகன் பறப்பான், இராணுவ உடுப்புப் போடுவான், ஜனாதிபதிக்கு வேண்டியவன். வில்லன் மலையில் ஒளிந்து திரியும் ஒரு தாடிக்கார மாணவன்.

டாய்ல் தென்னமெரிக்காவைக் கண்டவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமான சிறிதரனும் கண்டவன் அல்ல. கண்டவள் இனேஸ் ஒருத்திதான். சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, மகளைத் தூக்கிக்கொண்டு தப்பி வந்தவள்.

முதல் இதழ் அச்சானபோதே அவள் சிறிதரனிடம் கேட்டிருந்தாள். எங்கள் நாட்டில் பதக்கம் குத்தியவர்கள்தான் வீடுகளுக்குள் வந்தார்கள், தாடி வைத்த பிள்ளைகளைத்தான் கொண்டுபோனார்கள், நீ ஏன் மாற்றி வரைகிறாய் என்று. கதை டாய்லுடையது, வரைவது மட்டும்தான் நான் என்று அவன் சொல்லிவிட்டான். அதன்பிறகு இருவரும் வேலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

ஆனாலும் அந்த வில்லனின் முகம் அவளுக்குப் பிடிபடவேயில்லை. நாயகனுடையது எந்தப் புத்தகத்திலும் வருகிற மரக்கட்டை முகம். வில்லனுக்கு மட்டும் ஒரு புருவம் சற்று ஏறியிருந்தது. கோபத்தில் கத்தும்போதும் அடுத்த நொடி சிரித்துவிடுவான் போல ஓர் உதடு.

அசல் தென்னமெரிக்க முகம் என்று டாய்ல் புகழ்ந்தார். போகப்போகப் பிள்ளைகளுக்கு நாயகனைவிட அவனையே பிடித்துப்போனது. அது சரியில்லை, இந்த இதழோடு அவன் சாகட்டும் என்று அவரே முடிவும் செய்தார்.

பக்கம் பின்னேரம் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

இனேஸ் சிறிதரனின் மேசைக்கு வந்தாள். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தாள்.

“எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்காகத்தானே இதை வரையாமல் விட்டாய்? நன்றி, சிறி.”

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

“என்ர தம்பி,” என்றான்.

தமிழில் சொல்லிவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னான்.

மறக்கமுடியாத முகமாக வரை என்று டாய்ல் சொன்ன அன்று அவன் கைக்கு வந்தது அந்த ஒரு முகம்தான். அப்போது தம்பி வீட்டில் இருந்தான். தாடி வளர்த்து, அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு. பகிடிக்குத்தான் வரைந்தான். புத்தகத்தை ஊருக்கு அனுப்பி எல்லோரையும் சிரிக்கவைக்கலாம் என்று இருந்தான்.

போன மாதம் கொழும்பிலிருந்து வந்திறங்கிய ஊர்ச் சிநேகிதன் விக்னராஜா சொன்னான். தம்பி கணேசலிங்கத்தை வீட்டில் வைத்துப் பிடித்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா எந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும், இங்கே இல்லை என்கிறார்கள்.

இந்த வேலை போனால் தம்பியை என்றாவது இங்கே எடுப்பிக்கலாம் என்ற எண்ணமும் போய்விடும். அதனால்தான் காலையிலிருந்து வரையப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அந்த முகம் பாறையிலிருந்து விழும்போது அவனையே பார்த்தது.

உயிரோடு இருக்கிறானா என்று இனேஸ் கேட்கவில்லை. தன் கணவனைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு அவளும் பதில் சொன்னதில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது உன் தம்பி என்ன சொல்லுவான் என்று மட்டும் கேட்டாள்.

“போட்டு வாறன்.”

போகிறேன் என்று எங்கள் வீடுகளில் யாரும் சொல்லமாட்டார்கள், போய்த் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்லுவோம் என்று அவளுக்கு விளக்கினான்.

அவள் பேனாவை மையில் தோய்த்தாள். சாவுக்கூச்சலை விட்டுவிட்டு, போய்த் திரும்பி வருவேன் என்று அந்தச் சொற்களையே ஆங்கிலத்தில் எழுதினாள். சுற்றிக் குமிழை வரைந்தாள். வாலைக் கட்டத்தின் விளிம்பு வரைக்கும் இழுத்து, விளிம்பைத் தாண்டி வெளியே விட்டாள்.

மை காய்வதற்குள் டாய்ல் வந்தார். பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வில்லன் எங்கே என்று கேட்டார்.

தப்பிவிட்டான் என்றாள் இனேஸ். சிறிதரன் தலையை நிமிர்த்தவில்லை.

டாய்ல் குமிழை வாயசைத்து வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“நல்ல மிரட்டல்,” என்றார். “பிள்ளைகள் பயந்து போவார்கள்.”