படகை விடாத ஜாஹிர்

"அதுக்குப் பேரு லியன், மாமா" என்றான் ஷர்வின்.

ஷர்வின் என் நாத்தனார் மகன். கறுப்புக் கோட்டு மாட்டி ஆறு மாதம்தான் ஆகிறது. ஃபீஸ் கேட்காத ஒரே வக்கீல் என்பதால், என் கணவர் கார்த்திகேசு அவனைப் பிறை ஆற்றோரம் இருக்கும் ஜாஹிரின் படகுப் பட்டறைக்கு இழுத்து வந்திருந்தார். நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

ரிப்பேர் செய்தவர், கூலி கைக்கு வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமாம். சட்டமே அப்படித்தானாம். ஷர்வின் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போலிருந்தது.

பின்னே என்ன. என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்ட மனிதர். கடலுக்குத் தனியாகப் போகாதீர்கள் என்றார் டாக்டர். இவர் தனியாகத்தான் போனார், போன இடத்தில் மயங்கி விழுந்தார். படகு அது பாட்டுக்கு ஓடிப்போய்ப் பாறையில் இடித்து இஞ்சினைக் கெடுத்துக்கொண்டது. மலாய் மீனவர்கள் இரண்டு பேர் படகையும் இவரையும் சேர்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள்.

என் தாலி பாக்கியம் என்றார்கள் எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரப் பெண்கள். அந்தப் பாக்கியத்தை இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நல்ல வேளை, ஜாஹிர் மூவாயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு பில் நீட்டினார். அதில் பாதிகூட ஆகாது என்று என் வீட்டுக்காரர் குதித்தார். நான்கு மாதமாகக் குதிக்கிறார். படகு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பட்டறையில் கிடந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஷர்வின் வழிகளை எடுத்துவிட்டான். பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டுப் படகை மீட்கலாம். அல்லது கேட்டதை இப்போதே கொடுத்துவிட்டு, சம்மதித்துக் கொடுக்கவில்லை என்று எழுதி வைத்து, அப்புறம் வழக்குப் போடலாம். ஆள் இல்லாத நேரம் வந்து தள்ளிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டார் என் கணவர். அதற்குப் பெயர் திருட்டு என்றான் வக்கீல்.

இந்தச் சண்டை இன்னும் நான்கு மாதம் தாங்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, பணத்தை ஜாஹிர் முன் நீட்டினார். எல்லாம் நூறு வெள்ளித் தாள்கள். முப்பத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் பேரம் பேசாமல் ஒரு கீரைக்கட்டுகூட வாங்கி நான் பார்த்ததில்லை.

"பிடி தம்பி, முழுக்க இருக்கு. சண்ட போட்டுச் சலிச்சிருச்சு. கடலுக்குப் போவாம வீட்டுல உக்காந்து என்னா பண்ணுறதுலா."



ஜாஹிர் பணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாம் அண்ணே என்றார்.

ஷர்வின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். முழுத் தொகையையும் நீட்டி, அவர் வாங்க மறுத்துவிட்டால் லியன் அத்தோடு செத்ததாம். பரீட்சையில்கூட இந்தக் கேள்வி வந்ததாம். மறுத்ததற்கு அத்தைதான் சாட்சி என்று என்னைக் கைகாட்டினான்.

ஜாஹிர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். மாமனும் மருமகனும் தார்ப்பாயை அவிழ்க்கப் போனார்கள்.

ஜாஹிர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சிருங்க அக்கா. பில்ல ஏத்திப் போடச் சொன்னீங்க, போட்டேன். ஒரே வேலைக்கு ரெண்டு தடவ காசு வாங்கினா ஹராம்லா."

உண்மையான பில் ஆயிரத்து அறுநூறுதான். முதல் வாரமே நான் கட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரரின் கஞ்சத்தனத்தை நம்பினேன், அது நான்கு மாதம் என்னைக் காப்பாற்றியது. யோக்கியமான ஆளைக் கூட்டுச் சேர்த்ததுதான் என் தப்பு.

படகு ஆற்றில் இறங்கியது. இஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஜாஹிரின் வேலை அவ்வளவு சுத்தம்.

எனக்கு நீந்தத் தெரியாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் தனியாகக் கிளம்புவதற்குள் நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.