முப்பத்தொன்றாம் எண்

"அந்த முப்பத்தொண்ணாம் நம்பரை இன்னைக்கே தூக்குங்க ஜூடித். இல்லேன்னா என் பேரை அடிச்சிடுங்க!"

கிளைவ் ஹெரன் கையிலிருந்த தாளை மேஜையில் ஓங்கி வைத்த வேகத்தில் கேக் தட்டு ஒரு குதி குதித்தது.

இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்து மாவட்டத்தின் பழைய திருமணப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் தொண்டர்களுக்கு ஜூடித்தான் ஒருங்கிணைப்பாளர். மொத்தம் நாற்பது பேர். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உட்கார்ந்துகொண்டு பாட்டன் பூட்டனைத் தேடுகிறவர்களுக்காக, காலணா சம்பளமில்லாமல் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிற புண்ணியவான்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஏற்ற வேண்டும். கூட்டுச் சேர்ந்துவிடக் கூடாதே என்று யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இரண்டு பேர் எழுதியது ஒத்துப்போகாவிட்டால் ஜூடித் மூலப் பக்கத்தைத் திறந்துவைத்துப் பஞ்சாயத்துப் பண்ணுவாள்.

மூன்று வருட வேலை அன்றோடு முடிந்தது. அதைக் கொண்டாடத்தான் ஊர்க் கூடத்தில் தேநீர் விருந்து. அடுத்த மாதம் இறப்புப் பதிவேடுகளைத் தொடங்க வேண்டும். அந்த நேரம் பார்த்தா இந்தத் தகராறு!

"என்ன ஆச்சு சார்?"

"முப்பத்தொண்ணு போட்டிருக்கறதைப் பாருங்க. மாப்பிள்ளைக்கு எழுபத்தோரு வயசாம், பொண்ணுக்கு இருபத்துநாலாம். அந்த ஆளு கண்ணை எங்க வெச்சிருந்தான்? நான் இருபத்தொண்ணுன்னு சரியா போட்டிருக்கேன். ஏழுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனையெல்லாம் ஏன் சேர்க்கறீங்க?"

ஹெரன் முப்பத்தாறு வருடம் அந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பாதி, அவரிடம் படித்தவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். ஒன்றாம் எண்ணை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஜூடித்தின் கணவர் ஆர்ச்சி, சத்தம் கேட்டு அப்படியே நின்றார்.

"நீ ஏம்ப்பா வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிற? நண்டு புடிக்கிற விஷயம்னா உன்னைக் கூப்பிடறோம். போய் டீயைக் கவனி."

"சரி சார்," என்று ஆர்ச்சி சமையலறைக்குள் போய்விட்டார்.

ஜூடித்துக்குச் சுருக்கென்றது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. முப்பத்தொன்றை விட்டுவிட்டால் இறப்புப் பதிவேடுகளைத் தொட்ட மாதிரிதான்! அதைவிட, அந்த மனிதர் மறுபடி எதிலும் சேர மாட்டார். 'நான் யாருன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது' என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவர் சேர்ந்ததே.

"பக்கத்தைப் பாத்துடலாம் சார்," என்று திரையில் பெரிதாக்கினாள். "கல்யாணம் நடந்த வருஷம் என்ன போட்டிருக்கு?"

"ஆயிரத்து எண்ணூத்து எழுபத்திரெண்டு."

"அதுல ஏழும் இருக்கு, ரெண்டும் இருக்கு. ரெண்டும் அதே குமாஸ்தா கைதான். இப்ப மாப்பிள்ளை வயசைப் பாருங்க."

ஹெரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரையருகே போய்ப் பார்த்தார். சந்தேகமே இல்லை, ஏழு.

"அடப்பாவி கிழவா!" என்று பின்னால் நின்ற இன்னொரு தொண்டர் மார்ஜரி சிரித்தாள். "எழுபத்தொண்ணுல இருபத்துநாலா?"

"நடக்காதுன்னு நெனச்சேன்," என்றார் ஹெரன், குரல் இறங்கி.

"முதல் நாளே சொன்னேனே சார். நமக்குத் தெரிஞ்சதைப் போடக் கூடாது, கண்ணுக்குத் தெரியறதைத்தான் போடணும்."

"சரி, இந்த ஒண்ணு போகட்டும். மத்ததெல்லாம்?"

கேட்காமல் இருந்திருக்கலாம். ஜூடித் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் எரநூத்துப் பதினெட்டு இடத்துல ஒத்துப்போகல. எரநூத்துப் பதினொண்ணுல முப்பத்தொண்ணு சொன்னதுதான் சரி."

கேக் எடுக்கப் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு அது?" மார்ஜரிக்குப் பொறுக்கவில்லை. "டர்ஹாம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரா?"

"இல்ல. ரிட்டயரான நீதிபதியா இருக்கும். இந்த நிதானம் வேற யாருக்கும் வராது." ஹெரன் கோபக்காரர்தான், ஆனால் கோணல் புத்திக்காரர் இல்லை. "எனக்கு எழுபத்தெட்டு வயசு. இப்படி ஒருத்தர்கிட்ட தோத்ததே கௌரவம். அவரைக் கூட்டிட்டு வாங்க ஜூடித். கையைக் குலுக்கணும். எப்படிப் பாக்கறார்னு கேட்டுக் கத்துக்கணும்."

அதைச் சொல்ல ஜூடித்துக்கு உரிமையில்லை. வாக்கு வாக்குதானே. சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. ஆர்ச்சி தேநீர்த் தட்டோடு வந்தார். மேஜையில் வைத்தார். ஈரக் கையை மேலங்கியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு ஹெரன் முன்னால் நீட்டினார்.

"குலுக்குங்க சார்."

"என்னப்பா விளையாட்டு இது?" என்று ஹெரன் ஜூடித் பக்கம் திரும்பினார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "என் வீட்டுக்காரர்தான் முப்பத்தொண்ணு," என்றாள்.

ஹெரன் அந்தக் காய்த்துப்போன கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நீயா ஆர்ச்சி! எப்படிப்பா இவ்வளவு சரியா?"

"உங்களுக்கெல்லாம் பாத்த உடனே தெரிஞ்சிடுது சார், அதுக்கு மேல பாக்க மாட்டீங்க. எனக்கு ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் பாத்தாத்தான் புரியும்," என்றார் ஆர்ச்சி. "உங்க வகுப்புல அஞ்சு வருஷம் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு எழுத்துக் கூட்டத் தெரியாமத்தான் வெளிய போனேன். படிக்கக் கத்துக்கிட்டே நாலு வருஷம்தான் சார் ஆகுது."