பாட்டு அறுந்த இடம்

பாட்டு இரண்டாவது முறை ஆரம்பித்ததும் நான் எழுந்துபோய், டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த செட்டிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கினேன்.

பஸ் சட்டென்று ஊமையானது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பாட்டுக்காகத்தான கவர்மெண்டு பஸ்ஸ வுட்டுட்டு இதுல ஏறுறோம்," என்றாள் பூக்கூடையை மடியில் வைத்திருந்த சிந்தாமணி. "புடிக்கலன்னா காதுல பஞ்ச வச்சுக்கம்மா."

டிரைவர் அறிவழகன் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் பேசினான்.

"தர்மா, அத குடுத்துட்டு உட்காரச் சொல்லு."

அவன் என் அண்ணன். அண்ணியோடு ஒத்துவராமல் அம்மா ஒரு துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்த அன்று எங்களுக்குள் பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றவர்கள் எதிரெதிரே நின்றாலும், நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் சுவரைப் பார்த்தாவது சொல்வார்கள்.

இப்போது எங்களுக்குக் கிடைத்த சுவர் தர்மன்.

"தர்மா, கேட்டுச் சொல்லு. அம்மா செத்த அன்னிக்கி அத்தன பேரு முன்னால, 'வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன், போன் வந்ததே தெரியாது'ன்னு சொன்னாரே, அது நெசமான்னு."

"யக்கா, எறங்குனதும் பேசிக்கலாமே," என்றான் தர்மன் பாவமாக.

"தெரியாதுதான். அதுக்கென்னன்னு கேளு," என்றான் அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பாட்டு அண்ணனுக்கு உயிர். எனக்கும் ஒரு காலத்தில் பிடித்துத்தான் இருந்தது. அவன் நம்பருக்கு இதைக் காலர் டியூனாக வைத்துக் கொடுத்ததே நான்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்போது சொன்னேன். தர்மனைப் பார்த்து, பொறுமையாக, கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதுபோலவே சொன்னேன்.

"காலர் டியூன் வச்சவங்க காதுல அது விழவே விழாது, தர்மா. கூப்புடறவங்களுக்குத்தான் கேக்கும். பாட்டு இவரு போனுக்குள்ள இல்ல, கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கு. முழுப் பாட்டும் கெடையாது, ஒரு துண்டுதான். போன ஆஃப் பண்ணியிருந்தா பாட்டே வராது. பாட்டு வந்தா, அந்தப் பக்கம் மணி அடிக்குதுன்னு அர்த்தம்."

"டீச்சரம்மா கிளாஸ் எடுக்குது," என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எடுக்காம வுட்டா, அந்தத் துண்டு ஓடி முடிஞ்சு, பதில் இல்லன்னு ஒரு பொம்பள குரல் வரும். வெரலால கட் பண்ணாத்தான் பாட்டு நடுவுலயே அறுந்து போவும். அன்னிக்கி எனக்கு மூணாவது வரியில அறுந்துச்சு. மறுபடி போட்டா, ஆஃப்."

சிரிப்பு நின்றது.

"போன் வந்ததே தெரியாதவரு எப்படி கட் பண்ணாருன்னு கேளு தர்மா."

தர்மன் விரலிடுக்கில் இருந்த டிக்கெட் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எதிரே ஒரு சிமெண்டு லாரி கடந்து போனது. அண்ணன் வேகத்தைக் குறைத்தான்.

"கோவத்துல கட் பண்ணிட்டேன்னு சொல்லு," என்றான். "அம்மாவுக்கு முடியலன்னு எனக்கு யாரு சொன்னா? இது வீம்புக்குக் கூப்புடுதுன்னு நெனச்சேன். ஒரு பொத்தான அமுக்குனதுக்கு இந்தப் பேச்சா?"

இந்த ஒன்றைக் கேட்கத்தான் அவன் பஸ்ஸில் ஏறினேன். அவன் வாயால் ஒத்துக்கொண்டால் கோபம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன்.

இறங்கவில்லை. ஒரு பொத்தானாம்.

"நீ தள்ளு தர்மா," என்றேன். பேச்சு நின்ற பிறகு முதல்முறையாக, நடுவில் ஆள் இல்லாமல் அவனிடமே பேசினேன்.

"நான் போன காதுல வச்சுக் கூப்புடல. ஸ்பீக்கர்ல போட்டு அம்மா காதுகிட்ட வச்சிருந்தேன்."

கண்ணாடியில் அவன் கண்கள் என்மேல் நின்றன.

அம்மாவுக்குக் காலர் டியூன் என்றால் என்னவென்று தெரியாது. அவள் அவன் வீட்டில் இருந்தவரை, கடைசி டிரிப்பை முடித்து அவன் பஸ்ஸை வாலிகண்டபுரத்துக்குக் கொண்டுவரும்போது, வண்டிக்கு முன்னால் இந்தப் பாட்டுதான் தெருவுக்குள் வரும். பாட்டு கேட்டதும் அவள் தட்டைக் கழுவுவாள். பாட்டு நின்றால் பிள்ளை இறங்கிவிட்டான்.

அன்று பேச்சில்லாமல் கிடந்தவள், பாட்டு கேட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"அறிவு வண்டி வந்துருச்சு," என்றாள். "சோத்த எடுத்து வை."

மூன்றாவது வரியில் பாட்டு அறுந்தது.

"நிறுத்திட்டான். எறங்கி வரான் பாரு," என்று சொல்லி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு, எத்தனை முறை அம்மா என்று கூப்பிட்டும், அவள் முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.