வழிமொழிய ஒருவர்

ஆஸ்திரேலிய ஊரொன்றின் பௌலிங் கிளப் கூட்டத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கிறது. விராஜுரிப் பழங்குடிப் பெண்ணான டொரீனை உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானம் முன்மொழியப்பட்டுவிட்டது. வழிமொழிய எவருமில்லையெனில் அது இங்கேயே வீழ்ந்துவிடும். உறுப்பினர்கள் கொண்டுவந்த பலகாரத் தட்டுகள் மேசைமீது மாலை வெயிலில் மின்னுகின்றன. டொரீனின் கேக்குத் தட்டு மட்டும் அவரது மடியில் இருக்கிறது. அதன் விளிம்பை அவர் இறுகப் பற்றியிருக்கிறார்.

“யாராச்சும் இருக்கீங்களாப்பா? பீர் சூடாகுது,” என்கிறார் தலைவர். சிலர் சிரிக்கின்றனர். டொரீனின் அண்டைவீட்டுக்காரரான ரான் தம் காலணியையே பார்த்திருக்கிறார். அருகில் அவர் மனைவி பெரில் அசைகிறார்.

“சும்மா இரு, பெரில்,” என்று ரான் அவரது மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

“இத்தனை வருஷமா வேலி தாண்டி வந்த அவ கேக்கு மட்டும் இனிச்சுதுல்ல?”

பெரிலின் கை மெல்ல உயர்கிறது, பிடி விடாத ரானின் கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.