இடி மேல் ஒரு புகார்

"நோயாளி வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஆபரேஷன் பண்ற பொண்ணை இந்தப் பாடா படுத்துவாங்க டாக்டர்? கத்தினது தியேட்டருக்கு வெளிய வரைக்கும் கேட்டுச்சு."

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

அறுவை சிகிச்சைப் பிரிவில் முதல் யூனிட்டுக்குத் தலைவி அவர். பயிற்சி டாக்டர்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. இரண்டாவது யூனிட் தலைவருக்கு அதே பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் இடி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை அந்தப் பக்கம் நடந்து போனாலே தெரிந்துவிடும்.

நேற்று அக்கா லீவு. அவசரமாக ஒரு குடல்வால் ஆபரேஷன். டியூட்டியில் இருந்தது அக்காவின் யூனிட்டில் பயிற்சி பெறும் பெண். மேற்பார்வைக்கு வந்தது இடி.

"அப்படி என்னதான் சொன்னான்?"

"'உன் கை என்ன இரவல் கையா? தேடு! நல்லாத் தேடு!'ன்னு ஒரே கத்தல். பாவம், மாஸ்க்குக்குள்ளயே அழுதுடுச்சு."

அக்கா விடுவிடுவென்று நடந்தார். டாக்டர்கள் அறையில் இடி டீ குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். மரியாதையெல்லாம் கிடையாது.

"என் பொண்ணை அழ வெச்சியாமே?"

"நோயாளி நல்லாயிருக்கார். அதைக் கேக்க மாட்டியா?"

"பேச்சை மாத்தாதே! நாம படிக்கிறப்ப நம்ம பெரிய டாக்டர் எல்லார் முன்னாடியும் நம்மளைக் கேவலமாத் திட்டினது மறந்துபோச்சா? படிக்கட்டுல உட்கார்ந்து ரெண்டு பேரும்தானே அழுதோம்? என் கீழ படிக்கிற யாரும் அழக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன். நீ என்னடான்னா அந்த ஆளாவே ஆயிட்ட."

இடி டம்ளரைக் கீழே வைத்தார். "கத்தினது நிஜம். ஆனா நான் உன்னை ஒண்ணு கேக்கணும்..."

"ஒண்ணும் கேக்க வேணாம். எதுவா இருந்தாலும் துறைத் தலைவர்கிட்ட பேசிக்கலாம். எழுந்திரு!"

துறைத் தலைவர் சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறவர். அதுவரை ஒரு வம்பும் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் அவருக்கு.

"ரெண்டு பேரும் முதல்ல உட்காருங்களேன்" என்றார். இருவரும் உட்காரவில்லை.

பயிற்சி டாக்டர் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கண் வீங்கியிருந்தது. அக்கா அவள் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதேடா. உள்ளதை உள்ளபடி சொல்லு. நான் இருக்கேன்."

"உன்னைப் பார்த்துக் கத்தினாராம்மா?" தலைவர் கேட்டார்.

"கத்தினார் சார். அது தப்பு. அதுக்கு அவர் என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் இடி உடனே. இவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

தலைவர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். அக்கா விடவில்லை.

"மன்னிப்பு கேட்டா முடிஞ்சுதா சார்? இனிமே என் யூனிட் பிள்ளைங்க யாரும் இவர்கூட தியேட்டருக்குள்ள போகக் கூடாது. இன்னிக்கே உத்தரவு போடுங்க."

"போட்டுடலாம், போட்டுடலாம். உனக்குச் சம்மதம்தானேம்மா?"

அந்தப் பெண் தலைவரை நேராகப் பார்த்தாள்.

"என்னை ரெண்டாவது யூனிட்டுக்கு மாத்திடுங்க சார்."

தோளில் இருந்த அக்காவின் கை தானாக நழுவியது.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? உன்னை அழ வெச்சவன்கிட்டயா போகப்போற? நான் என்னிக்காவது உன்னை ஒரு வார்த்தை அதட்டியிருப்பேனா? நீ திணறினா பார்த்துக்கிட்டு நின்னிருப்பேனா? 'தள்ளிக்கோடா, அக்கா முடிச்சுடறேன்'னு எத்தனை ஆபரேஷனை நானே முடிச்சிருக்கேன்! உனக்கு ஒரு கெட்ட பேர் வரவிட்டிருப்பேனா? அதுக்கெல்லாம் இதுதானா நன்றி?"

"எல்லாத்தையும் நீங்களே முடிச்சீங்களே, அதேதான்க்கா!"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே யாருக்கும் தெரியாது.

"எனக்கு இது கடைசி வருஷம்க்கா! நேத்து ஒரு மனுஷன் வயித்துக்குள்ள கையை விட்டு, குடல்வால் எங்க இருக்குன்னு தெரியாம நடுங்கிட்டு நின்னேன். 'நீங்களே எடுத்துடுங்க சார்'னு கெஞ்சினேன். அவர் கையைக் கட்டிக்கிட்டு, 'மாட்டேன், நீ எடு'ன்னார். எடுத்தேன். நானே எடுத்தேன். அப்பதான் எனக்கு உறைச்சுது, இத்தனை நாள் நான் வெறும் வேடிக்கை பார்த்துட்டு இருந்திருக்கேன்னு. அடுத்த வருஷம் ஏதோ ஒரு ஊர்ல நான் தனியா நிப்பேன். மேஜைல படுத்திருக்கிறவங்ககிட்ட என்ன சொல்றது? 'எனக்கு வேலை தெரியாது, ஆனா எங்க அக்கா ரொம்ப நல்லவங்க'ன்னா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கத்தறவன்தான் உனக்குப் பெரிசாப் போயிட்டான், இல்ல?"

"அவர் கத்தினார்க்கா. ஆனா கத்தியை என் கைல குடுத்துட்டுக் கத்தினார். நீங்க ரெண்டையும் செஞ்சதே இல்ல."