ஜெபத்துக்குப் போன ரிப்போர்ட்

செம்பூர் லேபின் பிளாஸ்டிக் நாற்காலியில் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தார் லாசர். சத்தம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. "ரிப்போர்ட்ட வெளிய விட்ட பொண்ண வேலைய விட்டு அனுப்பாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

பக்கத்தில் மகள் ஜோஸ்பின், முகத்தில் மாஸ்க்கோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டி.பி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரிடமும் மூச்சுவிடாமல் குணமாக்கி, நிச்சயமான கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து நடத்திவிடலாம் என்று லாசர் நினைத்திருந்தார்.

எல்லாம் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் கவிழ்ந்தது. சகோதரி ஜோஸ்பினுக்காக ஜெபியுங்கள் என்று ரிப்போர்ட் படத்தோடு யாரோ விண்ணப்பம் கொடுக்க, குழுவை நடத்தும் ஐயா அதை அப்படியே போட்டுவிட்டார். குழுவில் மாப்பிள்ளையின் அத்தையும் இருந்தாள். சம்பந்தம் வேண்டாம் என்று மறுநாளே அணுசக்தி நகரிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

அன்று ராத்திரிதான் ஜோஸ்பின் பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். மாத்திரை வேலை செய்கிறது என்று லாசர் நினைத்துக்கொண்டார். அந்த ஒரு ஆறுதல்தான் அவருக்கு மிச்சம்.

விண்ணப்பம் கொடுத்தது யார் என்று ஐயாவிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று. கொடுத்தவர் பெயரை வெளியே சொல்கிற வழக்கமில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். நோயாளி பெயரை ஊருக்கே சொல்லலாமாம், கொடுத்தவர் பெயர்தான் ரகசியமாம். என்ன நியாயமோ!

தினமும் இந்தக் கூத்தைப் பார்த்து லேப் மேனேஜருக்கும் அலுத்துவிட்டது. "பஸ் கரோ அங்கிள், போதும்" என்றவர், ரிப்போர்ட் அனுப்பிய சஃப்ரீனைக் கவுன்ட்டரிலிருந்து கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அவங்க குடுத்த நம்பருக்கு மட்டும்தான் சார் அனுப்பினேன்." இதையே பலமுறை சொல்லி ஓய்ந்திருந்த சஃப்ரீன், கடைசியாக ஒருமுறை சொன்னாள். பதில் வராது என்று தெரிந்ததும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். அழக்கூட இல்லை.

ஜெயித்த மாதிரியே தோன்றவில்லை லாசருக்கு. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. மகளை எழுப்பக் கையை நீட்டினார்.

அவள் எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் போகாமல் சஃப்ரீனின் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவங்கள விட்ருங்கப்பா, ஜெபத்துக்கு அனுப்புனது நாந்தான்."

நீட்டிய கையை லாசர் இழுத்துக்கொண்டார். ஜோஸ்பின் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"மாப்பிள வேண்டாம்னு நான் சொன்னப்ப நீங்க கேக்கல. டி.பி.ன்னு சொன்னதும் அவங்க வீட்ல கேட்டுட்டாங்க."