லென்ஸ் ஐயாவின் ஆட்கள்

புதிதாக வந்த லென்ஸுக்கு உலகத்தை நேரில் பார்க்க ஆசை. கேமராவோடு கடற்கரைக்கு வந்த முதல் நாளே, தூசி தடுக்கும் ஃபில்டர் ஓடிவந்து அதன் முகத்தில் திருகிக்கொண்டது.

"உங்க மேல தூசி படலாமா ஐயா? பட்டா என் மேல படட்டும்."

லென்ஸுக்கு உச்சி குளிர்ந்து போனது. அடுத்து போலரைசர் என்ற இன்னொரு ஃபில்டர் வந்து முதல் ஃபில்டரின் மேல் ஏறிக்கொண்டது.

"தண்ணியோட பளபளப்பு உங்க கண்ணைக் கூசும் ஐயா. வேண்டாததை எல்லாம் நான் வெட்டிடறேன்."

கடைசியாகக் கறுப்புக் கண்ணாடி போலிருந்த என்.டி. ஃபில்டர் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றது.

"மொத்த வெளிச்சமும் வந்தா தாங்க மாட்டீங்க ஐயா. நான் அளந்து அனுப்பறேன்."

வேலைக்குத் தகுந்தபடி ஒன்றை மாட்டி, முடிந்ததும் கழற்றிவிட வேண்டியவை இவை. ஆனால் இறங்கினால் இடம் போய்விடும் என்று ஒன்றும் இறங்கவில்லை. படத்தின் மூலைகள் முதலில் கறுத்தன. பிறகு நடுவும் மங்கியது.

"ஒரு ஆளையாவது இறக்கி விடுங்க" என்று கேமரா மெதுவாகச் சொல்லிப் பார்த்தது.

"எனக்காக வெயில்ல நிக்கறவங்க அவங்க. உனக்குப் பொறாமை" என்றது லென்ஸ்.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. மீன் வாங்க வந்தவர்கள் சுடுமணலில் கால் வைக்க முடியாமல் குதித்துக் குதித்து ஓடினார்கள்.

லென்ஸ் கொட்டாவி விட்டது. "இன்னும் விடியலையா?"

"இல்லைங்க ஐயா" என்றன மூன்றும் ஒரே குரலில். "விடிஞ்சதும் நாங்களே எழுப்பறோம்."